நீர்வீழ்ச்சியின் உடைமையும் நீரின் பகுப்பும்: வேமோர்க் ஐதரசன் ஆலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மின்பகுப்பு என்றதும் ஈழத்து வாசகருக்கு நினைவில் வரத்தக்கது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையாகும். உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்தி எரிசோடாவும் குளோரீனும் அங்கே பெறப்பட்டன. போர் அதனை மூடிவிட்டது. அத்தகைய ஆலையில் ஐதரசன் உடன்விளைபொருள் மட்டுமே. அதனையே முதன்மை விளைபொருளாகக் கொண்டு நீரைப் பேரளவிற் பகுத்த ஆலையொன்று, நோர்வேயின் தெலமார்க் மலைப்பகுதியிலுள்ள வேமோர்க் என்னுமிடத்தில் 1929இலேயே இயங்கத் தொடங்கிற்று. நீரிலிருந்து ஐதரசன் பெறுவது நமது காலத்தின் புத்தாக்கமென்று இன்று பரவலாகப் பேசப்படுவதனால், அவ்வாலையின் வரலாற்றை மீட்டு நோக்குதல் அவசியமாகின்றது.

அறிவைப் பொறுத்தவரை, 1929 கூடப் பிந்தியதே. வோல்ற்றாவின் மின்கலவடுக்கு பற்றிய செய்தி இலண்டனை எட்டிய 1800ஆம் ஆண்டிலேயே நிக்கல்சனும் கார்லைலும் நீரைப் பகுத்துக் காட்டினர். மின்வாய், அயன் முதலிய கருத்துக்களுக்குரிய சொற்களை 1834இல் வழக்கிற்குக் கொண்டுவந்த மைக்கல் பரடே, கொல்லன் ஒருவரின் மகன். நூல் கட்டுநரிடம் தொழில் பயின்றவர். அவ்வாறாயின் நூறாண்டுத் தாமதம் ஏன்? விடையை ஆய்வுகூடத்தில் அன்றிக் கணக்கேட்டிலேயே தேடவேண்டும். மின்பகுப்பு ஆலைக்குள் முதலில் நுழைந்தது உலோகத்தின் வழியேயாகும். ஜேம்ஸ் எல்கிங்டன் 1865இல் உரிமம் பெற்ற முறையிலே செம்பு தூய்மையாக்கப்பட்டபோது, அனோட்டின் கீழ்ப் படிந்த சேற்றிலிருந்து வெள்ளியும் பொன்னும் மீட்கப்பட்டன. அவற்றின் விலை மின்செலவைத் தாங்க உதவிற்று. ஐதரசனுக்கு அத்தகைய வாய்ப்பில்லை. ஒரு கிலோகிராம் ஐதரசனைப் பெற இன்றும் ஏறத்தாழ 50 கிலோவாற்று மணி மின் வேண்டும். எனவே மலிந்த மின் உள்ள இடத்திலேயே அது கைகூடியது. மலிந்த மின் என்பது அக்காலத்தில் நீர்வீழ்ச்சி என்பதற்கு மறுபெயர்.

ஏங்கெல்ஸ் இவ்விடயத்தில் கொண்டிருந்த ஈடுபாடு நம்மவரிடையே அதிகம் பேசப்படுவதில்லை. ‘இயற்கையின் இயங்கியல்’ என்னும் முற்றுப்பெறாத நூலில் மின்சாரம் பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் மின்னிரசாயனம் பற்றிய விவாதமேயாகும். 1883இல் பேண்ஸ்ரைனுக்கு எழுதிய கடிதத்தில், மின்னைத் தொலைவுக்கு அனுப்பும் டெப்ரேயின் பரிசோதனையைச் சுட்டி, கைத்தொழில் இடத்தளையிலிருந்து விடுபடும் என்று அவர் எதிர்பார்த்தார். நெடுங்காலப்போக்கில் அவர் கணிப்புச் சரியானதே. ஆயினும் வேமோர்க்கில் முதலில் நிகழ்ந்தது அதன் மறுதலை: மின் மனிதரைத் தேடிச் செல்லவில்லை; மூலதனம் மனிதரை மின்னிடத்திற்குக் கொண்டு சென்றது.

நோர்வே சுவீடனிடமிருந்து பிரிந்த 1905ஆம் ஆண்டிலேயே, சாம் ஐடே முன்னின்று, சுவீடிய, பிரெஞ்சு மூலதனத்துடன் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அரசியல் விடுதலை பெற்ற நாட்டின் அருவிகள் அந்நிய மூலதனத்தின் கைக்குச் செல்கின்றன என்ற அச்சம் அங்கே பெருவிவாதமாயிற்று. 1906இல் அவசரச் சட்டமும், 1909இல், குறித்த தவணையின் பின் நீர்வலு நிலையங்கள் இழப்பீடின்றி அரசுக்கு மீளும் விதியைக் கொண்ட சட்டமும் இயற்றப்பட்டன. இது சமவுடைமை அன்று. எனினும் அருவி யாருடையது என்ற வினாவை ஒரு சிறு தேசம் சட்டமாக்கிக் கேட்டமை மனங்கொள்ளத்தக்கது.

1911இல் வேமோர்க் மின்நிலையம் 108 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியபோது உலகிலேயே மிகப்பெரிய நீர்மின் நிலையமாக அது விளங்கிற்று. மின்வில்லினாற் காற்றிலுள்ள நைதரசனை எரித்து உரம் செய்வதே அன்றைய நோக்கம். ஜேர்மனியின் ஹாபர்–பொஷ் முறை அதனை வென்றது. 1927இல் ஐ. ஜி. பார்பனுடன் உடன்படிக்கை செய்த நோர்ஸ்க் ஹைட்ரோ அமோனியா முறைக்கு மாறியது. அமோனியாவுக்கு ஐதரசன் வேண்டியிருந்தது. நீரைப் பகுத்த ஆலை எழுந்தது அதன் பொருட்டே.

பள்ளத்தாக்கின் அடியில் எழுந்த ரியூக்கான் நகரில் ஏறத்தாழ அரையாண்டு நேரடி வெயில் விழுவதில்லை. குளிர்காலத்திலே மக்கள் மலையேறிச் சூரியனைக் காண்பதற்கென 1928இல் கம்பித்தேரொன்றை நிறுவனம் வழங்கியது. வெயிலும் முதலாளியின் கொடையாக வந்த ஊர்! அணையும் சுரங்கமும் கட்டிய நாடோடித் தொழிலாளர் நோர்வேயில் ‘ரலார்’ எனப்பட்டனர். அவர்களுள் ஒருவராகத் தாமும் உழைத்த கிறிஸ்தோபர் உப்டால், 1911 முதல் 1924 வரை பத்துத் தொகுதிகளாக அவர்தம் வாழ்வை நாவலாக்கினார். ஆலைத் தொழிலாளி உருவாகும் நிகழ்முறையை இத்துணை விரிவாக எழுதிய ஆக்கங்கள் ஐரோப்பிய இலக்கியத்திலும் அரியன.

வேமோர்க்கின் பெயர் உலகறிந்தது வேறு காரணத்தாலாகும். நீரிலுள்ள ஐதரசன் அணுக்களுள் ஏறத்தாழ 6,400இல் ஒன்று பாரமானது. மின்பகுப்பிலே இலேசான ஐதரசன் முந்தி வெளியேற, எஞ்சும் நீரில் பாரநீர் மெல்லச் செறிகின்றது. லைஃப் துரோன்ஸ்டாட், யோமார் புருன் ஆகியோரின் திட்டப்படி 1930களின் நடுப்பகுதியில் அது பிரித்தெடுக்கப்பட்டது. செம்பு ஆலைச் சேற்றிற் பொன் மீண்டதைப் போன்றதே இதுவும். நாசி ஜேர்மனி நோர்வேயைக் கைப்பற்றியபின் அப்பாரநீர் அணுவாராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. 1943 பெப்ரவரி இறுதியில் நோர்வேயப் போராளிகள் அதன் கலங்களைத் தகர்த்தனர். 1944 பெப்ரவரி 20இல் எஞ்சிய சரக்கை ஏற்றிச் சென்ற படகு மூழ்கடிக்கப்பட்டது. அதிலிறந்த 18 பேருள் 14 பேர் நோர்வேயர். அவர்களது தியாகமும் துணிவும் ஐயத்துக்கிடமற்றவை. ஆயினும் 1965இல் வெளிவந்த ‘தெலமார்க் வீரர்கள்’ திரைப்படம் முதலிய சித்திரிப்புக்களிலே அக்கலங்களை நாள்தோறும் இயக்கியவர் பின்னணிக் காட்சியாகிவிடுகின்றனர். வரலாறு வெடியோசையில் தொடங்கி வெடியோசையில் முடிகின்றது.

ஆலையை இறுதியில் நிறுத்தியது வெடிகுண்டு அன்று. போரின்பின் அது மீண்டும் இயங்கிற்று. எண்ணெய்யிலிருந்து பெறும் ஐதரசன் மலிந்தமையால் 1971இல் மூடப்பட்டது. கட்டடம் 1977இல் இடிக்கப்பட்டது. இன்றும் உலகின் ஐதரசனில் மிகப் பெரும்பங்கு இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே வருகின்றது. மின்பகுப்பைப் புதிய மீட்பராக முன்வைப்போர் கருவியின் வினைத்திறனைப் பேசுமளவுக்கு, அதற்கு ஊட்டப்படும் காற்றும் வெயிலும் அருவியும் யார் உடைமை என்பதைப் பேசுவதில்லை. 1909இன் நோர்வேச் சட்டம் கேட்ட அளவேனும் அவ்வினா இப்போது கேட்கப்படுகின்றதா என்பது ஐயமே.

வேமோர்க்கின் பழைய மின்நிலையம் இன்று தொழிலாளர் வரலாற்று நூதனசாலையாக நிற்கின்றது. அருவிநீர், 1971இல் மலையைக் குடைந்தமைத்த புதிய நிலையத்தின் சுழலிகளூடே ஓடுகின்றது.