ஏறி இறங்கும் ஓசை

புகையிரதக் கடவையருகே நின்று, ஊதிக்கொண்டே விரைந்து வரும் வண்டியின் ஓசையைச் செவிமடுத்தோர் ஒன்றை அறிவர். வண்டி நெருங்குங்கால் உயர்ந்து ஒலிக்கும் ஊதுகுழல், அது கடந்து அகன்றதும் சட்டெனத் தாழ்ந்துவிடும். வண்டியினுள் இருப்பவனுக்கோ அது ஒரே சுருதியில்தான் ஒலிக்கின்றது. இம்மாற்றத்துக்குக் காரணம் கூறியவர் ஒஸ்திரிய நாட்டு அறிஞரான கிறித்தியான் டொப்ளர். 1842ஆம் ஆண்டு மே மாதத்தில் பிராக் நகரத்து அறிஞர் கழகமொன்றில் அவர் வாசித்த கட்டுரை, இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்க எழுந்தது. ஆயினும் அதன் உண்மையை உலகம் முதலிற் கண்டது விண்ணிலன்று, இருப்புப்பாதை ஓரத்திலே.

ஒல்லாந்து தேசத்துப் பைஸ் பலொட் என்பார் டொப்ளரின் கொள்கையை ஐயுற்றார். 1845இல், உட்ரெக்ட் நகரை அடுத்த இருப்புப்பாதையில், எக்காளம் ஊதுவோரை வண்டியில் ஏற்றி, சுருதி ஞானம் மிக்க இசைவாணரைப் பாதையோரத்தில் நிறுத்திச் சோதனை செய்தார். பெப்ரவரியில் நடந்த முதல் முயற்சி பனிப்புயலாற் கெட்டது. யூன் மாதத்துச் சோதனையோ, ஒலியைப் பொறுத்தவரை டொப்ளர் சொன்னதே சரியெனக் காட்டிற்று. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வரும் குழலின் ஓசை ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்தும், அகலுங்கால் அரைச்சுரம் தாழ்ந்தும் கேட்கும். மனிதச் செவியையே அளவுகோலாக நம்பிச் செய்த சோதனை இது. பௌதிக வரலாற்றில் இசைவாணர்க்குக் கிடைத்த இடங்களுள் இதனினும் இனியதொன்று இல்லை எனலாம்.

நூறாண்டு நிறையுமுன் அதே ஓசை போர்க்களம் புகுந்தது. செங்குத்தாகப் பாய்ந்து குண்டெறியும் ‘ஸ்டூக்கா’ என்னும் விமானத்தை ஜேர்மானியர் 1935இல் முதன்முதலாகப் பறக்கவிட்டனர். பின்னர் அவற்றுட் பலவற்றின் சக்கரத் தண்டுகளில், காற்றினாற் சுழலும் சங்குகளைப் பொருத்தினர். எக்காள முழக்கத்தால் மதில் இடிந்ததாக விவிலியம் கூறும் நகரத்தை நினைந்து, அவற்றுக்கு ‘எரிகோ எக்காளம்’ என்று பெயரும் வழங்கிற்று. பாயும் வேகம் மிகுந்தோறும் சங்கு விரைந்து சுழன்றது, ஓசை ஏறியது. விமானம் தன்னை நோக்கியே வருதலால், கீழே கிடந்த படைவீரனுக்கு அது பின்னும் உயர்ந்து கேட்டது. திரைப்படங்களிற் குண்டு விழுங்கால் ஓசை இறங்கிச் செல்வதாகக் காட்டுவர். அது சற்று விலகி நிற்பவன் கேட்கும் ஓசை. இலக்கானவன் கேட்பது ஏறும் ஓசையே.

1940ஆம் ஆண்டு மே 13ஆந் திகதி, பிரான்சின் செடான் நகரருகே, மியூஸ் ஆற்றங்கரையைக் காத்துநின்ற படைமீது இவ்விமானங்கள் பல மணி நேரம் இடைவிடாது பாய்ந்தன. ஏனைக் குண்டுவீச்சு விமானங்களும் உடன் வந்தன. குண்டுகள் விளைத்த உயிர்ச்சேதத்தினும் மனச்சேதமே பெரிது என்பர் வரலாற்றாசிரியர். அன்று மாலை, எதிரியின் தாங்கிகள் வந்துவிட்டன என்றொரு வதந்தி பரவவே, பீரங்கிப் படையினர் பலர் பீரங்கிகளைக் கைவிட்டு ஓடினர். அத்தாங்கிகள் அப்பொழுது ஆற்றைக் கடந்திருக்கவேயில்லை. ஓட்டத்திற்கு வதந்தியே உடனடிக் காரணம். ஆனால் அவ்வதந்தியை நம்பும்படி மனத்தை முன்னரே தளரச் செய்தவற்றுள் அவ்வூளையும் ஒன்று.

இத்தந்திரம் நெடுநாள் நிலைக்கவில்லை. சங்கு காற்றைத் தடுத்து விமானத்தின் வேகத்தைக் குறைத்தது. பலமுறை கேட்டவர் அதற்குப் பழகியும் விட்டனர். வருகையை முன்கூட்டியே முழங்கி அறிவிக்கும் எதிரியைக் குறிபார்ப்பதும் எளிதாயிற்று. அதே ஆண்டு ஆகத்தில் இங்கிலாந்தின்மீது பறந்த ஸ்டூக்காக்கள் பேரிழப்புக்கு உள்ளாகவே, அப்போரினின்றும் பெரும்பாலும் விலக்கப்பட்டன. நாளடைவிற் சங்குகளும் கழற்றப்பட்டன.

இங்கிலாந்திலோ, அச்சமூட்டும் ஓசையையே காவலாகக் கொண்டனர். துளையிட்ட உருளை ஒன்றை மின்சாரத்தாற் சுழற்றினால், காற்று துண்டுபட்டு ஒலியெழும். மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்த, சுழற்சி கூடிக் குறைந்து, ஓசையும் ஏறி இறங்கும். அது அபாய அறிவிப்பு. ஒரே சுருதியில் நீண்டு ஒலித்தால் அபாயம் நீங்கிற்று என்பது பொருள். இயந்திரம் ஒன்றே, ஓசையின் அசைவு ஒன்றே வேறு. 1939 செத்தம்பர் 3ஆந் திகதி, பிரதமர் சேம்பர்லின் போர் மூண்டதை வானொலியில் அறிவித்த சில நிமிடங்களுள் இலண்டனிற் சங்கு ஏறி இறங்கியது. விமானம் எதுவும் தாக்கவரவில்லை. எனினும் மக்கள் பதுங்கிடம் நாடி ஓடினர். பின்னாளில் அவர்களே அச்சங்குக்கு ‘முனகும் மின்னி’ என்று கேலிப்பெயர் சூட்டினர்.

1944 யூன் 13ஆந் திகதி முதல், ஓட்டியில்லாத பறக்குங் குண்டுகள் இலண்டனை நோக்கி வரத் தொடங்கின. அவற்றில் அச்சுறுத்தும் சங்கு எதுவும் இல்லை. பழைய மோட்டார்ச் சைக்கிள் போன்று கரகரத்து ஒலிக்கும் பொறி ஒன்றே இருந்தது. குண்டு கீழ்நோக்கிச் சரியுங்கால் பெரும்பாலும் அப்பொறி நின்றுவிடும். சில நொடிகளில் வெடிப்பு நிகழும். ஆகவே இலண்டன் மக்கள் தலைக்குமேலே அக்கரகரப்புக் கேட்கும்போதெல்லாம், அது நில்லாது தொடர்ந்து செல்லவேண்டும் என்று மூச்சடக்கிக் காத்திருந்தனர். தொடர்ந்து சென்றால் அது வேறொருவர் தெருவிலே விழும் என்பதை அறிந்தும்.