ராஃபிள்ஸ் உருவ ஓவியம்

சிங்கப்பூரை நிறுவியவராக அறியப்படும் சர் தாமஸ் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸை (1781–1826) டப்ளினில் பிறந்த ஓவியர் ஜார்ஜ் பிரான்சிஸ் ஜோசப் 1817இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய உருவப்படம் இது. சுமார் 140 செ.மீ. உயரமும் 109 செ.மீ. அகலமும் கொண்ட இப்படம் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் உள்ளது. ராஃபிள்ஸின் உறவினர் வில்லியம் சார்லஸ் ராஃபிள்ஸ் ஃபிளின்ட் 1859இல் அதை அக்காட்சியகத்துக்கு வழங்கினார்.

படம் வரையப்பட்டபோது சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றமே இல்லை. ராஃபிள்ஸ் அங்கு முதலில் கரையிறங்கியது 1819 ஜனவரியில். 1811இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய ஜாவாவை 1816 வரை ஆண்ட துணை ஆளுநராகவே ஓவியர் அவரைக் கண்டார். நெப்போலியப் போர்களுக்குப் பின் ஆங்கிலேயர் பிடித்த இடங்கள் பல கைமாறின. அவற்றுள் ஜாவா 1816இல் டச்சுக்காரரிடம் திரும்பியது. இங்கிலாந்து திரும்பிய ராஃபிள்ஸ் 1817இல் ஜாவா வரலாற்று நூலை வெளியிட்டு, சர் பட்டமும் பெற்றார்.

அமர்ந்திருக்கும் ராஃபிள்ஸின் அருகே கைப்பிரதிகளும் ஜாவாவிலிருந்து அவர் சேகரித்த பௌத்தச் சிற்பங்களும் உள்ளன. வாளோ படைச்சின்னமோ இன்றி, கற்றறிந்தவராகவே அவர் காட்சி தருகிறார். ஆனால் 1812இல் அவரது ஆட்சியில் ஆங்கிலேயப் படை யோக்யகர்த்தா அரண்மனையைச் சூறையாடி, அங்கிருந்த சுவடிகளை அள்ளிச் சென்றது. இதை விட்டுவிட்டு அந்தக் கைப்பிரதிகளைப் பார்ப்பது அரைப் பார்வைதான்.

இந்த ஓவியத்துக்கு ஜான் ஆடம்சன் 1912இல் செய்த நகல் சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரின் பொதுவிடத்தில் மக்கள் அதிகம் கண்டது தாமஸ் வுல்னர் வடித்த ராஃபிள்ஸின் வெண்கலச் சிலையை. அது 1887இல் திறக்கப்பட்டது.

சிங்கப்பூர் நகரை எழுப்பியவர்களில் தமிழர் நாராயண பிள்ளையும் ஒருவர். பினாங்கிலிருந்து 1819 மே மாதம் ராஃபிள்ஸ் மீண்டும் வந்தபோது அவருடன் கப்பலில் வந்த பிள்ளை, செங்கல் சூளை வைத்தார். துணி வணிகம் செய்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை எழுப்பினார். அவருக்கு அக்கால உருவப்படம் எதுவும் அறியப்படவில்லை. ராஃபிள்ஸ் வருகையின் 200ஆம் ஆண்டான 2019இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையருகே, சிங்கப்பூர் வரலாற்றின் பிற முன்னோடிகளான சங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோரோடு அவருக்கும் சிலை வைக்கப்பட்டது.