எசூர்வேதமும் இணையப் பதிவும்: மருத்துவ ஆய்வெழுத்தில் மூலச்சான்று

மருத்துவ ஆய்வெழுத்தில் சமூக ஊடகப் பதிவுகளும் இணையப் பக்கங்களும் மேற்கோளாக இடம்பெறுகின்றன. அவற்றைக் கொள்வதா, தள்ளுவதா என்னும் வினாவைத் தெளிவுபடுத்தப் புதுச்சேரியோடு தொடர்புடைய 18ஆம் நூற்றாண்டு நிகழ்வொன்று துணைசெய்கிறது.

‘எசூர்வேதம்’ என்னும் பிரெஞ்சு நூலின் கையெழுத்துப்படி இந்தியாவிலிருந்து சென்று 1760இல் வோல்தேரை எட்டியது. அவர் அதனை மிகத் தொன்மையானதெனக் கருதித் தம் எழுத்துகளில் எடுத்தாண்டார். 1761இல் பாரிசிலிருந்த அரச நூலகத்திற்கும் அளித்தார். 1778இல் அது அச்சேறியது. அது வேதமன்று, கிறித்தவ மறைப்பணியாளரின் ஆக்கம் என்று 1782இல் சொன்னரா மறுத்தார். பின்னர், புதுச்சேரி மறைப்பணியகத்தில் இருந்த கையெழுத்துப்படிகளை எல்லிஸ் நேரில் ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை அவர் மறைவுக்குப்பின் 1822இல் ‘ஏசியாடிக் ரிசர்ச்சஸ்’ இதழில் வெளிவந்தது. எசூர்வேதத்தை இயற்றியவர் யார் என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இந்நிகழ்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. மூலம் அழியாது இருந்தமையாலேயே எல்லிசால் அதனைச் சோதிக்க முடிந்தது. மேலும், வேதத்திற்குச் சான்றாகாத அந்நூல், மறைப்பணி வரலாற்றுக்குச் சிறந்த சான்றாக நிற்கிறது.

முதல் உண்மை மருத்துவத்திற்கும் பொருந்தும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி ‘லான்செட்’ இதழில் 2020 மே 22 அன்று வெளிவந்த கட்டுரை, ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. அதன் மூலத்தரவு முழுவதும் தனி மதிப்பீட்டாளர்களுக்கு வழங்கப்படாமையே காரணம். சமூக ஊடகப் பதிவோ எந்நேரமும் திருத்தப்படலாம், நீக்கவும் படலாம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2007இல் வெளியிட்ட ‘சைட்டிங் மெடிசின்’ கையேடு, இணைய மூலத்தைப் பார்த்த நாளையும் குறிக்கச் சொல்கிறது. எனினும் நாள் மட்டும் இருந்து, பார்த்த பக்கம் மறைந்துவிட்டால், பின்வருவோர் எதனைச் சரிபார்ப்பர்?

இரண்டாவது உண்மைக்குக் கபசுரக் குடிநீர் எடுத்துக்காட்டாகும். 2020இல் அதுகுறித்த செய்திகள் சமூக ஊடகங்களில் பெரிதும் பகிரப்பட்டன. அப்பதிவுகள் மக்கள் எதனை நம்பினர் என்பதற்குச் சான்றாகும். மருந்தின் பயனுக்குச் சான்றாகா. பயனை நிறுவ முறையான மருத்துவச் சோதனை வேண்டும்.

எனவே, இணைய மூலத்தை முற்றிலும் விலக்குதல் தேவையில்லை. ஆய்வாளர் அதன் படியைக் காப்பகப்படுத்தி, பதிவிட்ட நாளையும் பார்த்த நாளையும் குறித்து, அது எதற்குச் சான்று என்பதையும் வரையறுத்தல் வேண்டும். எல்லிசுக்குக் கிட்டிய வாய்ப்பு நாளைய ஆய்வாளருக்கும் கிட்ட அதுவே வழி.