பந்தாடிய மண்ணும் பத்திரமும்

பாலாநகர்த் தமிழர்களைப் பற்றி எழுதச் சொன்னால் தொழிற்சாலை, ஷிப்ட், கான்டீன், கோயில் என்றுதான் பேனா ஓடும். கால்பந்து யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தமான மைதானத்தில், நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த 1986-க்கும் முன்பிருந்தே ஞாயிறு காலைப் பந்தாட்டம் நடந்துவருகிறது. புல் கிடையாது, செம்மண்தான். விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். தமிழ், தெலுங்கு, உருது மூன்று மொழியிலும் திட்டு வாங்கலாம்.

போன மாதம் ஆட்கள் வந்தார்கள். முக்காலிமேல் கருவியை வைத்து அளந்து, நாலு மூலையிலும் வெள்ளை பெயின்ட் அடித்த கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். "அடுக்குமாடி வரப்போவுதாம் சார்" என்றார் டீக்கடைக்காரர்.

வெறும் வதந்தி என்று தள்ள முடியவில்லை. 2025 நவம்பரில் தெலங்கானா அரசு, வெளிவட்டச் சாலைக்கு உட்பட்ட பழைய தொழிற்பேட்டைகளில் 9,000 ஏக்கருக்கு மேலான நிலத்தை, கட்டணம் கட்டிக் குடியிருப்பு, வணிகம் முதலிய பல உபயோகங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கொள்கையை அறிவித்தது. பாலாநகரும் அதில் அடக்கம். 2017-ல் மெட்ரோ ரயில், 2021-ல் மேம்பாலம் என்று வந்தபிறகு இங்கே ஒரு கெஜம் நிலம் என்ன விலை என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஹைதராபாத் கால்பந்தின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அதில் நம்மவர்கள் பங்கு இவ்வளவா என்று வியப்பாகிவிட்டது.

1806-ல் செகந்திராபாத் பாளையம் உருவானபோது மெட்ராஸ் ராணுவப் படைகளோடு தமிழ்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. சிப்பாய்கள் மட்டுமல்ல, சமையல், சலவை, தச்சு வேலை பார்த்தவர்களும் வந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு பந்தும் வந்தது. பாளையத்தில் திறந்த வெளிக்குப் பஞ்சமில்லை. பாலாநகரிலிருந்து போயின்பள்ளி, திருமலகிரி தாண்டினால் அம்முகுடா. அங்கே 1936-ல் முத்தம்மா என்ற தமிழ்த் தாய்க்குப் பிறந்தவர்தான் துளசிதாஸ் பலராம். ராணுவ வெளிகளில் ஓடி விளையாடிய அந்தப் பையன் 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக ஆடினார். 1963-ல் நோய் அவரது ஆட்டத்தை முடித்துவைத்தது. 2023 பிப்ரவரியில் காலமானார். 1935-ல் ஹைதராபாதில் பிறந்த இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். செகந்திராபாதின் சிறு கிளப்புகளில் தொடங்கி, வெல்லிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போய், ஆசியாவே மெச்சிய கோல்கீப்பர் ஆனார்.

இவர்களைப் பட்டை தீட்டியவர் எஸ்.ஏ. ரஹீம். அவரது ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்சியில் இந்தியா 1956 ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. அடுத்த வருடமே ரஹீம் மறைந்தார். அஜய் தேவ்கன் நடித்து 2024-ல் வந்த 'மைதான்' படம் அவர் கதைதான். படத்தைப் பார்த்த என் பேரன், "தாத்தா, அந்த கிரவுண்ட் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. ஃபதே மைதான் இன்னும் இருக்கிறது, 1967 முதல் லால் பகதூர் ஸ்டேடியம் என்ற பெயரில். ஆனால் கால்பந்தின் பழைய பவிசு அங்கே இல்லை. 2023 டிசம்பரில் முதலமைச்சர் பதவியேற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான். இருந்தாலும் அது அழியவில்லை. அரசாங்க நிலம் என்பதுதான் காரணம், ரஹீமின் புகழ் அல்ல. புகழ் எதையும் கட்டிக்காக்காது என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. 2022-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற ஹைதராபாத் எஃப்.சி., மூன்றே வருடத்தில் டெல்லிக்குப் பெயர்ந்துவிட்டது.

லண்டனில் இருக்கும் என் மைத்துனரிடம் போனில் இதைப் புலம்பினேன். "அத்தான், எங்க விம்பிள்டன் கதையைக் கேளுங்க" என்றார். 1981 முதல் நம் மக்கள் கும்பிடும் கணபதி கோயில் உள்ள அதே விம்பிள்டன். அதன் கால்பந்து கிளப் 1912 முதல் ப்ளவ் லேன் என்ற சிறு மைதானத்தில் ஆடியது. 1988-ல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அந்த நிலத்தின் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. விளையாட்டு, பொழுதுபோக்கு தவிர வேறு உபயோகத்துக்கு நிலம் போனால், நகராட்சி பழைய விலைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று. பின்னாளில் நகராட்சி பணம் வாங்கிக்கொண்டு அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. 1991-ல் கிளப் வெளியேறியது. 1998-ல் மைதானம் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2002-ல் இடித்தார்கள். பிறகு அங்கே அடுக்குமாடிகள் எழும்பின. கட்டடங்களுக்குப் பழைய ஆட்டக்காரர்களின் பெயரைச் சூட்டினார்களாம்! நாளைக்கு நம்ம பக்கம் 'பலராம் ஹைட்ஸ்' என்று போர்டு வைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அணியை வேறு ஊருக்கு மாற்ற 2002-ல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் தாங்களே ஒரு கிளப் தொடங்கினார்கள். பொதுத்திடல் ஒன்றில் ஆட்களைத் தேர்வு செய்து, கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறி வந்தார்கள். 2020 நவம்பரில், பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புது ப்ளவ் லேன் திறந்தது. அதைச் சுற்றியும் நூற்றுக்கணக்கான வீடுகள்தான். வீடும் மைதானமும் ஒரே திட்டத்தில் வரைந்தால் இரண்டுக்கும் இடம் உண்டு என்பதை இதில் கவனிக்க வேண்டும். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலாநகரில் வாடகை கொடுத்துத் தேய்ந்தவன் நான்.

எங்கள் மைதானத்தின் சங்கடம் வேறு. அனுமதி பெற்ற மனைப்பிரிவாக இருந்தால் அதில் பொது இடம் ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருப்பார்கள். ஆக்கிரமித்தால் 2024-ல் அமைத்த ஹைட்ராவிடம் போய் நிற்கலாம். தொழிற்சாலைக் காலனி அப்படியில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம் எல்லாம் கம்பெனி மனமுவந்து கொடுத்தவை. கம்பெனி உள்ளவரை அது நம் மைதானம். அது நொடித்தால் சர்வே நம்பர் மட்டும்தான் மிச்சம். நாற்பது வருடம் ஆடினோமே ஒழிய, நம்மில் ஒருத்தரும் காகிதம் கேட்கவில்லை. நானும்தான்.

மைதானத்தில் எப்போதும் கோல் காக்கும் பெரியவர் ஒருவர் உண்டு, ரிடையர்ட் ஃபிட்டர். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அட போப்பா, கல்லு நட்டவன்கிட்ட சரித்திரம் பேசினா எடுபடுமா? வரைபடத்தைக் காட்டணும்" என்றார்.

அதனால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டிருக்கிறோம். ஆலைக்கு நிலம் கொடுத்தபோது விதித்த நிபந்தனைகள், அங்கீகரித்த வரைபடத்தின் நகல், அதில் அந்த மூலை என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது, இவ்வளவுதான் கேட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் 23 பேர். முப்பது நாள் கெடு வரும் புதன்கிழமையோடு முடிகிறது. பதில் தெலுங்கில் வரும். படித்துச் சொல்ல கோல்கீப்பர் இருக்கிறார்.