1453: ஒரு வரிப் பாடமும் இஸ்தான்புல்லில் ஒரு முழு நாளும்



பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

ஐரோப்பியர் வருகை பாடத்தின் தொடக்கத்தில் ஒரு ஆண்டு வருமே, நினைவிருக்கிறதா? 1453. துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், கிழக்கு நாடுகளுக்கான வணிக வழி அடைபட்டது, அதனால் ஐரோப்பியர் கடல்வழி தேடிப் புறப்பட்டார்கள் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பீர்கள். அந்தப் பாடம் எடுக்கும்போதெல்லாம், "சம்பந்தப்பட்ட ஆண்டுகளைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள், பிறகு காரணம் பேசலாம்" என்பேன். பின் வரிசைப் பிள்ளைகள் முனகுவீர்கள். அந்த வரிசையை அந்த ஊரிலேயே நின்று சரிபார்க்கும் வாய்ப்பு சென்ற ஆண்டு கிடைத்தது.

மகளும் மருமகனும் இருக்கும் ஜெர்மனிக்கு அவர்களோடு போகும் வழியில் இஸ்தான்புல்லில் ஒரு நாள் தங்கினோம். "அத்தை, கும்பலோடு பஸ்ஸில் போனால் செலவு குறையும். ஆனால் நீங்கள் கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்ல ஆள் வேண்டுமே" என்று சொல்லி மருமகன் எங்களுக்கு மட்டும் ஒரு வழிகாட்டியை அமர்த்தினார். துருக்கியில் வழிகாட்டித் தொழிலுக்கு அரசு உரிமம் வேண்டும். இவரும் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் "ஹோஜம்" என்று கூப்பிட ஆரம்பித்தார். "என் ஆசிரியரே" என்று பொருளாம். நீங்கள் "டீச்சர்" என்று கூப்பிடுவது போலவே இருந்தது.

இந்தத் தொழில் அங்கே புதிதல்ல. ஓட்டோமான் ஆட்சிக் காலத்தில் வெளிநாட்டுத் தூதர், வணிகர், பயணிகளுக்கு மொழிபெயர்த்து வழிகாட்டியவர்களை டிராகோமான் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் பக்கம் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயருக்குத் துபாஷிகள் இருந்தார்களே, அதுபோல. புதுச்சேரியில் டூப்ளேவிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை உங்களுக்குத் தெரியும். இரண்டு மொழி தெரிந்தவர் சொல்வதுதான் வந்தவருக்கு வரலாறு. எனவே அவர் எப்படிச் சொல்கிறார் என்பது முக்கியம்.

காலையில் முதலில் போனது பழைய குதிரைப் பந்தயத் திடல். இன்று அது ஒரு நீண்ட சதுக்கம். நடுவில் எகிப்திலிருந்து கொண்டுவந்த ஒற்றைக்கல் தூண் நிற்கிறது. மூன்றாம் துட்மோஸ் என்ற எகிப்திய மன்னன் கர்னாக் கோயிலில் நிறுத்தியது. வயது 3,400 ஆண்டுகளுக்கு மேல். கி.பி. 390-ல் ரோமப் பேரரசர் முதலாம் தியோடோசியஸ் அதை இங்கே நிறுத்தினார். எழுத்துகள் நேற்று வெட்டியது போலத் தெளிவாக இருக்கின்றன.

"ஹோஜம், மேலே பார்த்தது போதும். கீழே பீடத்தைப் பாருங்கள்" என்றார் வழிகாட்டி. பீடத்தில் ஒரு பக்கம் லத்தீனிலும் எதிர்ப்பக்கம் கிரேக்கத்திலும் கல்வெட்டு. தூணை நிறுத்த எத்தனை நாள் ஆனது என்று இரண்டும் சொல்கின்றன. லத்தீனில் 30 நாள். கிரேக்கத்தில் 32 நாள்! ஒரே கல், ஒரே காலம், ஒரே வேலை. கணக்கு மட்டும் இரண்டு. வேலையை மேற்பார்த்த அதிகாரி புரோக்ளஸின் பெயர் ஒரு காலத்தில் செதுக்கி எடுக்கப்பட்டு, பிறகு மறுபடி பொறிக்கப்பட்டிருக்கிறது. பதவி போனதும் பெயரும் போனது, மதிப்பு திரும்பியதும் பெயரும் திரும்பியது.

கல்லில் இருப்பதாலேயே ஒன்று முழு உண்மை ஆகிவிடாது என்பதைக் காட்ட இதைவிட நல்ல பாடக்கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

பக்கத்திலேயே வெண்கலத்தில் மூன்று பாம்புகள் பின்னிய தூண். கி.மு. 479-ல் பிளாட்டியா போரில் பாரசீகரை வென்ற கிரேக்க நகர அரசுகள் டெல்பி கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. 31 அரசுகளின் பெயர் அதில் உண்டு. பேரரசர் கான்ஸ்டண்டைன் தன் புதிய தலைநகரை அழகுபடுத்த அதைக் கொண்டுவந்தார். இந்தத் திடலில் இருந்ததாகக் கருதப்படும் நான்கு செப்புக் குதிரைகள் இன்று வெனிஸ் நகரில் இருக்கின்றன. 1204-ல் நான்காம் சிலுவைப்போருக்கு வந்தவர்கள் இந்தக் கிறிஸ்தவ நகரையே கொள்ளையடித்தபோது போனவை. எடுத்து வந்தவர்களிடமிருந்து இன்னொருவர் எடுத்துப் போனார். இதில் யாரைத் திருடன் என்பது?

அடுத்து ஹாகியா சோபியா. 532-ல் பந்தயத் திடலில் கிளம்பிய நிகா கலவரத்தில் பழைய தேவாலயம் எரிந்துபோனது. கலவரத்தை அடக்கியபோது 30,000 பேருக்கு மேல் இறந்ததாக அக்காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். பேரரசர் ஜஸ்டினியன் அதே ஆண்டு வேலையைத் தொடங்கி 537-ல் இப்போதுள்ள கட்டடத்தை முடித்தார். வடிவமைத்த ஆந்தீமியஸ், இசிடோர் இருவருமே கணிதம் கற்றவர்கள். சதுரமான அடித்தளத்தின் மேல் ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுள்ள வட்டக் கூரை. நான்கு மூலையிலும் முக்கோணம் போல் வளைந்த தாங்கிகள் அந்தப் பாரத்தை வாங்கித் தூண்களுக்குக் கொடுக்கின்றன. 558-ல் கூரை விழுந்தது. இசிடோரின் உறவினரான இளைய இசிடோர் அதை உயர்த்திக் கட்டினார். உயரம் கூடியதால் பக்கவாட்டுத் தள்ளல் குறைந்தது. பிற்காலத்தில் ஓட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் வெளிப்புறத்தில் முட்டுச்சுவர்கள் கொடுத்தார். தேவாலயமாகக் கட்டியவரும், மசூதியாகக் காத்தவரும் சேர்ந்துதான் அந்தக் கூரையை இன்றுவரை நிறுத்தியிருக்கிறார்கள்.

1453 முதல் மசூதி. 1935 முதல் அருங்காட்சியகம். 2020 முதல் மறுபடி மசூதி. கீழ்த்தளம் தொழுகைக்கு. எங்களைப் போன்றவர்கள் சீட்டு வாங்கி மாடத்துக்கு ஏறிப் பார்க்கலாம். வழி சாய்தளமாக இருந்ததால் என் முழங்கால் தப்பித்தது.

மேலே சோயி அரசியின் மொசைக் ஓவியம் ஒன்று உண்டு. நடுவில் கிறிஸ்து, ஒரு பக்கம் அரசி, மறுபக்கம் கணவர் ஒன்பதாம் கான்ஸ்டண்டைன். உற்றுப் பார்த்தால் கணவரின் தலையும் பெயர் எழுத்தும் பிற்பாடு மாற்றி ஒட்டியவை என்பது தெரியும். அவர் அரசியின் மூன்றாவது கணவர். உடம்பு ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. மகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"இது மசூதியாக இருப்பது சரியா, அருங்காட்சியகமாக இருந்தது சரியா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "எனக்கு ஒரு கருத்து உண்டு ஹோஜம். அதை மாலையில் தேநீர் குடிக்கும்போது சொல்கிறேன். இங்கே நின்று சொன்னால் அதையும் வரலாறு என்று எடுத்துக்கொள்வீர்கள்" என்றார். அந்தப் பதிலுக்கு மனதுக்குள் நூற்றுக்கு நூறு போட்டேன். மாலையில் சொல்லவும் செய்தார். அது அவருடைய சொந்தக் கருத்து என்பதால் இங்கே எழுதவில்லை.

எதிரே தரைக்கு அடியில் ஜஸ்டினியன் காலத்து நீர்த்தொட்டி. 336 தூண்கள், ஒவ்வொன்றும் 9 மீட்டர் உயரம். பழைய கட்டடங்களின் தூண்களையே எடுத்து நட்டிருக்கிறார்கள். மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் மெதுசா தலை. ஒன்று பக்கவாட்டில், ஒன்று தலைகீழாக. "பார்த்தவரைக் கல்லாக்கும் பார்வையை முறிக்கத் தலைகீழாக வைத்தார்கள் என்பது கதை. உயரத்துக்குப் பொருந்தும்படி கிடைத்த கல்லை வைத்தார்கள் என்பது எளிய விளக்கம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள், எது எது என்றும் சொல்லுங்கள்" என்றார்.

1540-களில் பெத்ருஸ் கில்லியஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தத் தொட்டியைப் பற்றி எழுதினார். இதைக் கண்டுபிடித்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். ஆனால் மேலே குடியிருந்தவர்கள் வீட்டுத் தரையின் துளை வழியாக வாளி விட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டும், மீன் பிடித்துக்கொண்டும் இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கே தெரியவந்தது. வாஸ்கோடகாமா இந்தியாவைக் "கண்டுபிடித்தார்" என்கிறோமே, அந்த ஞாபகம் வந்தது.

மதியம் மெர்ஜிமெக் என்ற பருப்பு சூப். நம் பருப்பு ரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டபின் டிராம் ஏறி மேற்கே பழைய கோட்டைச் சுவருக்குப் போனோம். ஐந்தாம் நூற்றாண்டில் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் கட்டியது. அகழி, வெளிச்சுவர், உட்சுவர் என்று அடுக்கடுக்கான காவல். ஆயிரம் ஆண்டு இந்தப் பக்கமாக ஒருவராலும் அதை உடைத்து நுழைய முடியவில்லை. 1453 ஏப்ரல் 6 முதல் மே 29 வரை சுல்தான் இரண்டாம் மெஹ்மத்தின் முற்றுகை. அவருக்கு வயது 21. ஓர்பான் என்ற ஹங்கேரிக்காரர் வார்த்துக் கொடுத்த பெரிய பீரங்கி சுவரை இடித்தது. துறைமுகத்தின் வாயை இரும்புச் சங்கிலியால் அடைத்திருந்ததால், கப்பல்களைத் தரைமீது இழுத்துக்கொண்டுபோய் உள்ளே இறக்கினார்கள். கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டண்டைன் போரில் மாண்டார்.

அந்தச் சுவர் நிழலில் உட்கார்ந்து நம் ஒரு வரிப் பாடத்தைப் பற்றிக் கேட்டேன். "உங்கள் ஊரிலும் இதுதானா?" என்று சிரித்தார். என் குறிப்பேட்டில் இருவரும் சேர்ந்து ஆண்டுகளை எழுதினோம். நீங்களும் பாருங்கள்:

1415 – போர்ச்சுக்கீசியர் ஆப்பிரிக்காவில் சியூட்டாவைப் பிடித்தார்கள்.
1434 – ஆப்பிரிக்க மேற்குக் கரையில் பொஜதோர் முனையைத் தாண்டினார்கள்.
1453 – கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது. சில நாட்களிலேயே எதிர்க்கரையில் கலாட்டாவில் இருந்த ஜெனோவா வணிகர்களுக்குச் சுல்தான் உரிமைப் பத்திரம் கொடுத்தார்.
1454 – வெனிஸ் நகரத்தோடு உடன்படிக்கை. வணிகம் தொடர அனுமதி.
1498 – வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தார்.
1517 – ஓட்டோமான் துருக்கியர் எகிப்தைப் பிடித்தார்கள்.

இப்போது யோசியுங்கள். போர்ச்சுக்கீசியர் கடலில் இறங்கியது 1453-க்கு முன்பே. வெனிஸுக்குப் போன நம் மலபார் மிளகில் பெரும்பகுதி செங்கடல் வழியாக எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்குப் போய் அங்கிருந்து போனது. எகிப்து அப்போது மம்லுக் சுல்தான்கள் கையில். துருக்கியர் அதைப் பிடித்ததோ வாஸ்கோடகாமா வந்து 19 ஆண்டு கழித்து. தன் கையில் இல்லாத கதவை ஒருவர் எப்படிச் சாத்த முடியும்?

அதற்காக 1453 முக்கியமில்லை என்று அர்த்தமல்ல. வெனிஸுக்கும் ஓட்டோமானுக்கும் 1463 முதல் 1479 வரை நடந்த போர் வணிகத்தைப் பாதித்தது. கருங்கடல் பக்கம் இத்தாலியரின் பிடி போனது. ஆனால் ஆப்பிரிக்கத் தங்கத்தின் மேல் ஆசை, இடைத்தரகர் இல்லாமல் மிளகு வாங்கும் ஆசை, மதப் பகை, கப்பல் கட்டும் திறமை எல்லாம் சேர்ந்துதான் கடல்வழி. "அடைத்தான், அதனால் கிளம்பினார்கள்" என்ற வரி எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் போட்டுவிடுகிறது. பிள்ளைகள் மனதில் காரணத்தோடு சேர்த்து ஒரு வெறுப்பும் பதிகிறது.

மாலை அதே டிராமில் திரும்பி மசாலாச் சந்தைக்குப் போனோம். 1660-களில் கட்டியது. அதன் துருக்கிப் பெயருக்கு "எகிப்துச் சந்தை" என்று பொருள். எகிப்தின் வருவாயில் கட்டியதால் அந்தப் பெயர் என்கிறார்கள். மிளகு வந்த திசையை நினைவூட்டும் பெயர். ஊரின் பெயரும் அப்படித்தான். "நகரத்துக்கு" என்று பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து இஸ்தான்புல் வந்தது என்பார்கள். நம் கிராமங்களில் சென்னைக்குப் போவதைப் "பட்டணம் போறேன்" என்பார்களே, அப்படி.

வெளியூர் போகிறவர்களுக்கு என் யோசனை: முடிந்தால் நாலு பேர் சேர்ந்து ஒரு நாளாவது தனி வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் பாருங்கள். கடைகளுக்கு அழைத்துப்போக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, "இது எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டி அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

நம் குடும்பக் குழுவிலும், உங்கள் பழைய மாணவர் குழுவிலும் தினமும் வரலாறு என்று எத்தனையோ வருகிறது. யாரோ எதையோ இடித்தார், அடைத்தார், திருடினார் என்று இரண்டு வரி. அடுத்தவருக்கு அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டு? எழுதியவர் யார், அவர் எப்போது இருந்தார்? அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? கல்வெட்டிலேயே இரண்டு நாள் கணக்கு இடிக்கிறது என்றால், கைப்பேசிச் செய்தி எம்மாத்திரம்?

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் பிள்ளைகளின் சமூக அறிவியல் புத்தகத்தில் "அதனால்" என்று வரும் ஒரு வரியை எடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். திருத்திப் போடக் கை துறுதுறுவென்று இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்