சத்திரப்பட்டியிலிருந்து கணுக்கால் வரை

சேலை வாங்கும்போது காஞ்சிபுரமா, சின்னாளப்பட்டியா, சுந்தரபாண்டியமா என்று ஊரைக் கேட்டுத்தான் வாங்குகிறோம். மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்குகிறவர் யாரும் அப்படிக் கேட்பதில்லை. சுளுக்கிய கால் வீங்கிக்கொண்டிருக்கும்போது கேட்கத் தோன்றாதுதான். ஆனாலும் அந்தத் துணிக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. ராஜபாளையத்திலிருந்து கிழக்கே போனால் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம், அய்யனாபுரம் என்று வரிசையாக விசைத்தறிச் சத்தம் கேட்கும். நாட்டின் ஆஸ்பத்திரிகளில் காயத்தைத் துடைக்கவும் மூடவும் கட்டவும் பயன்படும் துணியில் ஒரு பெரும் பங்கு இந்தத் தெருக்களில் நெய்யப்படுகிறது.

இதற்கு அடித்தளம் நூல். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பிறகு இந்த வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. மில் நூல் தறிக்கு வருகிறது. பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, தறியில் ஏற்றுகிறார்கள். சேலை நெய்தவர் கண்ணுக்கு இந்தத் துணி முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். இழைக்கும் இழைக்கும் நடுவே அத்தனை இடைவெளி, எதிரே இருப்பவர் முகமே தெரியும். சேலையில் அப்படி இருந்தால் கூலியைப் பிடித்துவிடுவார்கள். இங்கே அந்தச் சல்லடைத் தன்மைதான் தரம். காயத்துக்குக் காற்று வேண்டும், கசிவை உறிஞ்ச இடம் வேண்டும்.

தறியிலிருந்து இறங்கிய துணி பழுப்பாக இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் படலம் இருப்பதே காரணம். செடிக்கு அது மழையிலிருந்து காப்பு, ஆஸ்பத்திரிக்கு அது இடைஞ்சல். அதனால் காஸ்டிக் சோடா கலந்த நீரில் வேகவைத்து மெழுகையும் கஞ்சியையும் எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, நன்றாக அலசிக் காயவைக்கிறார்கள். வெளுப்பு சரிதானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. துணியைத் தண்ணீரின் மேல் போட வேண்டும். 10 விநாடிக்குள் மூழ்கினால் தேறியது. மிதந்தால் மறுபடி அடுப்புக்கு. எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் மிதக்கும் துணி மருத்துவத் துணி ஆகாது.

கிரேப் பேண்டேஜின் கதை இன்னும் கொஞ்சம் நுட்பமானது. அது இழுத்தால் நீள்வதைப் பார்த்து உள்ளே ரப்பர் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அசல் பருத்தி கிரேப்பில் ரப்பர் கிடையாது. எல்லாம் முறுக்குதான். பாவு நூலுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு முறுக்கு ஏற்றுகிறார்கள். கிணற்றுக் கயிறு முறுக்கேறினால் தானே சுருண்டு மடங்குமல்லவா, அந்தக் குணம்தான். அதே பாவில் வலமுறுக்கு நூலும் இடமுறுக்கு நூலும் கலந்திருக்கும். ஒரே பக்க முறுக்காக இருந்தால் துணியே திருகிக்கொள்ளும். தறியில் விறைப்பாக நிற்கும் இந்த நூல்கள் ஈரம் பட்டதும் சுருங்கி, துணி முழுவதும் சிறு சிறு நெளிவு விழும். பிறகு கணுக்காலில் இழுத்துச் சுற்றும்போது அந்த முறுக்கு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் வீக்கத்தை அழுத்துகிறது. பழைய பேண்டேஜ் தொளதொளத்துப் போனால் தூக்கி எறிய வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் காயப்போட்டால் முறுக்கு ஓரளவு மீளும்.

இவ்வளவு வேலை உள்ள துணிக்குத் தறிக்காரர் கையில் என்ன கிடைக்கிறது என்பது தனிக் கட்டுரை. கூலி உயர்வு கேட்டு இந்தப் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வதும், பேச்சுவார்த்தை இழுபடுவதும், அது செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தோடு முடிந்துபோவதும் வழக்கமாகிவிட்டது.

சுருட்டி, வெட்டி, பொட்டலம் கட்டிய பிறகு துணி பிரிந்து போகிறது. ஏற்றுமதிக்குப் போவது ஒரு பங்கு. தமிழக அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தும் கட்டுத்துணியும் மொத்தமாக வாங்குவதற்கென்று 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குகள் ஒரு பக்கம். மிச்சம் மருந்துக்கடைகளுக்கு. அப்படிப் போகிற ஒரு சுருள், 10 சென்டிமீட்டர் அகலம், இழுத்தால் 4 மீட்டர் நீளம், தொலைதூரம் எங்கும் போகாமல் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கோபுரத்தையும் பால்கோவாக் கடைகளையும் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்து சிமெண்ட் மைதானம். மாலையில் கூடைப்பந்துப் பயிற்சி.

பந்து இங்கே வந்த வழி நீளமானது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அங்கே படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920-ல் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுதான். அங்கே பயின்ற ஆசிரியர்கள் வழியாகப் பல விளையாட்டுகள் தமிழகப் பள்ளிகளுக்குப் போயின. நெய்ஸ்மித்தின் யோசனையில் ஒரு முரண் இருக்கிறது. கோல் தரையில் இருந்தால் ஆட்கள் வேகமாக மோதிக்கொள்வார்கள், அடிபடும் என்று கருதித்தான் அவர் இலக்கைத் தலைக்கு மேலே ஏற்றினார். உடற்பயிற்சிக் கூடத்தின் மாடக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது, கூடையை அதில் அடித்தார்கள். இன்றும் அதே 10 அடி, அதாவது 3.05 மீட்டர். மோதலைக் குறைக்க மேலே போன கூடை ஆட்டக்காரர்களையும் மேலே எழுப்பியது. எழும்பியவர்கள் இறங்கியாக வேண்டும். இந்த ஆட்டத்தில் அதிகம் அடிபடுகிற இடம் கணுக்கால்.

கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) எழும்பிய பெண் ஒருத்தி இறங்கும்போது அடுத்தவளின் ஷூ மேல் கால் வைக்கிறாள். பாதம் உள்பக்கமாக மடங்குகிறது. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார் இழுபட்டுக் கிழிகிறது. பாதம் மடங்காமல் வெளிப்பக்கமாகப் பிடித்து நிறுத்தக் கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் தசைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கால் புரள்வதை உணர்ந்து அவை எதிர்வினையைத் தொடங்கவே சுமார் 60 முதல் 90 மில்லிசெகண்ட் பிடிக்கிறது. கால் மடங்கி முடிய அதற்கும் குறைவான நேரமே போதும். விழுந்த பிறகு சுதாரிக்கிற தசை பிரயோசனமில்லை. தரையைத் தொடுவதற்கு முன்பே, காற்றில் இருக்கும்போதே அது இறுகியிருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தைத் தருவது பயிற்சி ஒன்றுதான்.

இப்போது நம் துணியின் முறை. பேண்டேஜை விரல்களின் அடியில் தொடங்கி, பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மாறி மாறி எட்டுப் போட்டு, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி மேலே கொண்டுபோக வேண்டும். கீழே சற்று இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்க்க வேண்டும். உட்புற, வெளிப்புறக் கணு எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா, அல்லது நான்கு எட்டு எடுத்து வைக்க முடியவில்லையா, எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த இந்த விதியை உலகம் முழுக்க டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். ஐஸ் விஷயத்தில் கருத்து மாறிவருகிறது. ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-ல் பரப்பிய டாக்டர் கேப் மிர்க்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-ல் எழுதினார். ஆனால் அழுத்தம் புதிய சூத்திரங்களிலும் இடம் இழக்கவில்லை. நம் ஊர்த் துணிக்கு வேலை போகவில்லை.

ஆனால் அந்தத் துணியிடம் முடியாததையும் எதிர்பார்க்கிறோம். வீக்கம் வடிந்த மறுவாரமே பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு மேட்சில் இறங்கும் பிள்ளைகளை எந்த மாவட்டப் போட்டியிலும் பார்க்கலாம். கிரேப் பேண்டேஜ் வீக்கத்தை அழுத்தும், புரளும் மூட்டைத் தடுத்து நிறுத்தாது. அதைவிட விறைப்பான ஒட்டும் டேப்புகூட 10 நிமிட உடற்பயிற்சியில் பிடிமானத்தில் சுமார் 40 சதவீதத்தை இழந்துவிடுகிறது என்று 1962-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். கயிறு கட்டிய கணுக்கால் உறை (பிரேஸ்) உறுதியாகப் பலன் தருகிறது, அதை வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். ஷூவுக்குப் பணத்தைக் கொட்டும் அப்பாக்களுக்கு இன்னொரு செய்தி. ஆஸ்திரேலியாவில் 10,000-க்கும் மேற்பட்ட கூடைப்பந்து ஆட்டக்காரர்களைக் கவனித்து 2001-ல் வெளியான ஆய்வில், குதிகாலில் காற்றறை வைத்த ஷூ அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் 4 மடங்குக்கு மேல் அதிகமாக இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை சுளுக்கியவர்களுக்கு ஏறத்தாழ 5 மடங்கு.

கவலைப்பட வேண்டியது இந்தக் கடைசி எண்ணைப் பற்றித்தான். முதல் சுளுக்கு அடுத்த சுளுக்குக்கு வழி திறந்துவிடுகிறது. வலி போனதும் கால் தேறிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் எந்தக் கோணத்தில் பாதம் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் கிழிந்த அந்தத் தசைநாரில் இருந்தன. கட்டு அவிழ்த்த பிறகு யாரும் அந்தக் காலுக்கு மறுபடி பாடம் சொல்லிக்கொடுப்பதில்லை.

அந்தப் பாடம் ரொம்பச் சுலபமானது என்பதுதான் எனக்கு எரிச்சல். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் 765 பேரை வைத்து 2006-ல் வெளியான ஆய்வில், ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி மட்டும் கணுக்கால் சுளுக்கை 38 சதவீதம் குறைத்தது. தரையில் கண் திறந்து, பிறகு கண் மூடி, பிறகு ஆடும் பலகையில். நம் மைதானத்தில் பலகை இல்லாவிட்டால் மடித்த சாக்கு போதும். அதோடு படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி ஒற்றைக்காலால் எழும்பி இறங்குவது. 25 முறை தொடர்ந்து முடியாத கெண்டைக்கால் முழு ஆட்டத்துக்குத் தயாரில்லை. ஒற்றைக்காலால் தாவி இறங்கி அசையாமல் மூன்று எண்ணுவது. ஸ்குவாட், பெஞ்சு மேல் ஏறி இறங்குதல். தோள்பையில் புத்தகத்தைத் திணித்தால் அதுவே எடை. எதற்கும் ஜிம் தேவையில்லை, காசு தேவையில்லை. நம் பள்ளிகளிலோ பந்து வந்ததும் லே-அப், அது முடிந்ததும் மேட்ச், தப்புச் செய்தால் மைதானத்தைச் சுற்றி பத்து ரவுண்டு. ஓட்டத்தைத் தண்டனையாகவும் வலுவை ஆண்பிள்ளைகள் சமாச்சாரமாகவும் வைத்திருக்கும் வரை கணுக்கால்கள் புரளத்தான் செய்யும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளைக் கனம் தூக்க விடாமல் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறந்ததும் பந்துப் பையைப் பிரிப்பதற்கு முன்னால் ஒற்றைக்கால் பயிற்சிக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், பிறகு போட்டிக் காலம் முடியும் வரை வாரத்துக்கு மூன்று நாள். அந்த அமெரிக்கப் பள்ளி ஆய்வில் செய்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். சத்திரப்பட்டித் துணி முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும். ஆனால் ஒருமுறை அதைச் சுற்றிய பிள்ளையை, அந்தக் காலால் வலியில்லாமல் தாவி இறங்கி நிற்கும் வரை மேட்சில் இறக்காதீர்கள்.