பதவி முந்தியதா, பட்டம் முந்தியதா: வெல்ச்–ரோஸ் அறிக்கையின் இரு வடிவங்களை முன்வைத்து

பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி முதுநிலைப் பட்டம் உருவான வரலாற்றை எழுதுவோர் யாரும் 1915ஆம் ஆண்டின் வெல்ச்–ரோஸ் அறிக்கையைத் தொடாமல் போவதில்லை. அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதைப் பெரிதும் தீர்மானித்திருப்பது எலிசபெத் ஃபீயின் 'டிசீஸ் அண்ட் டிஸ்கவரி' என்னும் நூல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பள்ளியைப் பற்றி 1987இல் வெளிவந்த அந்நூலின் உழைப்பு பெரியது. விக்லிஃப் ரோஸ் எழுதிய முதல் வரைவையும் வில்லியம் ஹென்றி வெல்ச் திருத்தி எழுதிய இறுதி வடிவத்தையும் அருகருகே வைத்துக் காட்டியவர் ஃபீ. நான் அவரோடு மாறுபடுவதும் அந்த ஒப்பீட்டில்தான்.

ஃபீயின் வாசிப்பு சுருக்கமாக இது. ரோஸ் தெற்கு மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை 1909 முதல் நடத்தியவர். கிராமத்துக்கும் கவுண்டிக்கும் ஆள் தேடித் தேடிச் சலித்தவர். எனவே அவர் வரைவில் பள்ளி ஒன்று மட்டும் இல்லை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு மையப் பள்ளி, அதைச் சூழ மாநிலப் பள்ளிகள், அவற்றிலிருந்து குறுகிய காலப் பயிற்சி, விவசாய விரிவாக்கத்தைப் போலக் களத்துக்கே போய்ச் செய்து காட்டும் பணி என ஒரு வலைப்பின்னல் இருந்தது. வெல்ச் ஜெர்மானிய ஆய்வுக்கூடங்களில் பழகியவர். மியூனிக்கில் பெட்டன்கோஃபர் நிறுவிய சுகாதார நிறுவனம் அவர் கண்முன் நின்ற முன்மாதிரி. 1915 மே மாதம் அவர் கையிலிருந்து வந்த வடிவத்தில் 'பொதுச் சுகாதாரப் பள்ளி' போய் 'சுகாதார நிறுவனம்' வந்தது. வலைப்பின்னல் மங்கி, ஆராய்ச்சி முன்னுக்கு வந்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கல்வி களத்தைவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் போனதன் தொடக்கம் இங்கே என்பது ஃபீ தரும் படம். அறிவியலுக்கும் நடைமுறைக்கும் நடந்த போட்டியில் அறிவியல் வென்றது என்று இதைச் சொல்லலாம். பின்வந்தவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இரு வடிவங்களுக்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வேறுபாட்டின் மேல் ஃபீ ஏற்றும் பாரம் அதிகம் என்பதே என் வாதம்.

1914 அக்டோபர் 16 அன்று நியூயார்க்கில் பொதுக் கல்வி வாரியத்தின் அலுவலகத்தில், இந்த அறிக்கைக்கு வழிவகுத்த கூட்டத்துக்காகக் கூடியவர்கள் என்ன பேசினார்கள் என்று பார்ப்போம். எந்த வகை ஆட்கள் தேவை என்பதே அன்றைய முதல் கேள்வி. நிர்வாகப் பொறுப்பேற்கும் தலைமை அலுவலர்கள், நுண்ணுயிரியல், புள்ளியியல், பொறியியல் போன்ற துறைகளின் வல்லுநர்கள், ஊர்மட்டத்தில் நின்று வேலை செய்வோர் என மூன்று அடுக்காகப் பிரித்துப் பேசினார்கள். இந்தப் பிரிப்பு ரோஸின் வரைவில் இருக்கிறது. வெல்ச்சின் வடிவத்திலும் முற்றாக அழிந்துவிடவில்லை. மறைந்தது மூன்றாம் அடுக்குக்கான மாநிலப் பள்ளிகள். ஏன் மறைந்தன? வெல்ச்சுக்குக் களத்தில் அக்கறை இல்லை என்பது ஒரு விடை. அந்தப் பள்ளிகளில் பாடம் சொல்லத் தகுந்த ஆட்கள் அன்றைய அமெரிக்காவில் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் வேறொரு விடை வருகிறது. முழுநேரச் சுகாதார அலுவலரைக் கொண்ட கவுண்டிகள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவும் வட கரோலினாவின் கில்ஃபோர்டும் 1911இல்தான் அந்த ஏற்பாட்டுக்கு வந்தன. களப்பயிற்சி வேண்டுமென்றால் களத்தில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஓர் அலுவலர் வேண்டும். அவரிடம் மாணவரை அனுப்பினால்தான் அது பயிற்சி ஆகும்.

இங்கேதான் ஃபீ கடந்துபோகும் ஒரு சட்டப் பிரிவை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் 1888ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், பிரிவு 18. அதன் இரண்டாம் உட்பிரிவு இப்படிப் போகிறது: 1892 ஜனவரி 1க்குப் பின், கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்குப்படி 50,000 பேர் அல்லது அதற்கு மேல் வாழும் கவுண்டிக்கோ மாவட்டத்துக்கோ சுகாதார மருத்துவ அலுவலராக நியமிக்கப்படுபவருக்கு மருத்துவம், அறுவை, மகப்பேறு மூன்றிலும் சட்டப்படியான தகுதி இருக்க வேண்டும், அதோடு கூடப் பின்வரும் மூன்றில் ஒன்றும் வேண்டும். ஒன்று, 1886ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி சுகாதார அறிவியல், பொதுச் சுகாதாரம் அல்லது அரச மருத்துவத்தில் பட்டயம் பெற்றவராக மருத்துவப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். இரண்டு, 1892க்கு முந்திய தொடர்ந்த மூன்று ஆண்டுகள் 20,000 பேருக்குக் குறையாத மாவட்டத்தில் மருத்துவ அலுவலராக இருந்திருக்க வேண்டும். மூன்று, அந்தச் சட்டம் நிறைவேறுமுன் உள்ளாட்சி வாரியத்தில் மூன்று ஆண்டுகளாவது மருத்துவ அலுவலராகவோ ஆய்வாளராகவோ பணியாற்றியிருக்க வேண்டும்.

மேலோட்டமாகப் படித்தால் பட்டயமும் அனுபவமும் சமமாக வைக்கப்பட்டதுபோலத் தெரியும். காலவரையைக் கவனித்தால் அந்தத் தோற்றம் கலைகிறது. இரண்டாம் வழி 1892க்கு முந்திய மூன்று ஆண்டுகளைச் சொல்கிறது. நியமனத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகள் என்று சொல்லவில்லை. மூன்றாம் வழி சட்டம் நிறைவேறிய நாளோடு முடிகிறது. இரண்டுமே நிலையான ஆண்டுகளில் கட்டிவைத்த கதவுகள். அப்போது பதவியில் இருந்த தலைமுறை கடந்துபோனதும் தாமாக மூடிக்கொள்ளும். திறந்தே இருப்பது பட்டயத்தின் கதவு ஒன்றுதான். கணக்கெடுப்பைப் பற்றிய சொற்களிலும் இதே நுட்பம் உண்டு. எந்த ஆண்டின் கணக்கு என்று குறிக்காமல் கடைசியாக வெளியான கணக்கு என்று எழுதியதால், ஓர் ஊர் வளர்ந்து 50,000ஐத் தொட்டதும் சட்டத்தைத் திருத்தாமலே அதன் வரம்புக்குள் வந்துவிடும். இந்த உட்பிரிவை எழுதியவர்கள் ஏற்கெனவே இருக்கும் அலுவலர்களைக் காயப்படுத்தாமல், அடுத்து வருபவர்களுக்குப் படிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பட்டயம் அதற்கு முன்பே இருந்தது: டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1871லும் கேம்பிரிட்ஜ் 1875லும் தொடங்கிவிட்டன. ஆனால் அந்தத் தாளுக்கு எடை கொடுத்தது 1888.

அதன் பின்விளைவு பாடத்திட்டத்தில் தெரிகிறது. பொது மருத்துவ மன்றம் 1889இல் வகுத்த விதிகள் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதப் பயிற்சியையும், சுகாதார மருத்துவ அலுவலர் ஒருவருக்குக் கீழ் ஆறு மாதக் களப்பணியையும் கேட்டன. ஆய்வுக்கூடமும் களமும் சரிபாதி. அங்கே இந்த இரண்டுக்கும் போட்டியே எழவில்லை, ஏனென்றால் மாணவரை அனுப்ப ஓர் அலுவலர் ஊர்தோறும் காத்திருந்தார். 50,000க்குக் குறைந்த இடங்களில் பகுதிநேர அலுவலர்களே தொடர்ந்தார்கள், பதவிக்குப் பாதுகாப்பும் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பெரிய நகரங்களில் பயிற்சிக்கான நாற்காலியும் மேசையும் ஆளும் இருந்தன.

ரோஸின் வரைவுக்குப் பின்னால் இந்த ஆங்கில முறை நிற்கிறது என்றே நான் கருதுகிறேன். அவர் பிரிவு 18ஐ வரிவரியாகப் படித்தார் என்பதற்குச் சான்று காட்ட என்னால் இயலாது. ஆனால் நிர்வாகப் பயிற்சியில் இங்கிலாந்து முன்னே நிற்கிறது, ஆராய்ச்சியில் ஜெர்மனி முன்னே நிற்கிறது என்ற எண்ணம் அன்று இந்தத் துறையில் பழகியவர்களின் பொதுச் சொத்து. மாநிலம் மாநிலமாகப் பள்ளி, அங்கிருந்து ஊருக்கு அலுவலர் என்று ஒருவர் திட்டமிடும்போது, பள்ளியை விட்டு வெளியே வருபவனுக்கு வேலை கொடுக்கச் சட்டம் ஒன்று வேண்டும் என்பது அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா? அந்தச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. மாநிலங்களின் தன்னாட்சி காரணமாக ஒரே நாளில் வரவும் வழியில்லை. வெல்ச் சட்டத்தை நம்பாமல் நிலைக்கக்கூடிய பகுதியை மட்டும் கட்டினார் என்று படிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1916இல் ராக்ஃபெல்லர் நிதியம் ஹாப்கின்ஸுக்குக் கொடுத்த முதல் தொகை 2,67,000 டாலர். அந்தப் பணத்தால் ஒரு கட்டடத்தையும் ஆசிரியர்களையும் வாங்கலாம். நாடு முழுவதும் கவுண்டிப் பதவிகளை வாங்க முடியாது.

எனக்குச் சாதகமான வலுவான சான்று 1935இல் இருக்கிறது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு மாநிலங்களின் பொதுச் சுகாதாரப் பணிக்கு ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் வரை ஒதுக்கியது. மாநில, உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதும் அதில் அடக்கம். பதவியும் பயிற்சிக்கான பணமும் ஒருசேர வந்ததும், ஆய்வுக்கூடத்துக்குள் ஒடுங்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே பள்ளிகளுக்கு மாநிலங்கள் தங்கள் ஆட்களை அனுப்பத் தொடங்கின. வெல்ச்சின் வடிவம்தான் களத்தை அடைத்தது என்றால், அந்த வடிவம் மாறாமலே இது எப்படி நடந்தது? ஃபீயின் நூல் 1939 வரை போகிறது; இந்த மாற்றம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆனால் அதைப் பின்னால் வந்த திருத்தமாகவே அவர் வைக்கிறார். 1915க்கு அவர் சொன்ன காரணத்தையே இது அசைக்கிறது என்பது என் எண்ணம்.

ஹாப்கின்ஸில் படித்தவர்கள் களத்தை மறந்தார்கள் என்பதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் மறுப்பு வருகிறது. அங்கே பயின்ற ஜான் கிராண்ட் 1925இல் பெய்ஜிங்கில் மாணவர் பயிற்சிக்கென்றே நகரின் ஒரு பகுதியில் சுகாதார நிலையம் அமைத்தார். 1939இல் கல்கத்தாவிலுள்ள அகில இந்தியச் சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனத்தின் இயக்குநராக வந்தார். ராக்ஃபெல்லர் உதவியோடு 1932 டிசம்பர் 30இல் திறக்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு, கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் கிராமப்புறக் களம் ஒன்று 1939இல் அமைந்தது.

சிங்கூருக்கும் முந்தியது இலங்கையின் களுத்துறை. 1916 முதல் தோட்டத் தொழிலாளர் நடுவே கொக்கிப்புழுச் சிகிச்சை நடத்திய ராக்ஃபெல்லர் சுகாதார வாரியம், மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கழிப்பிடமும் நிலையான ஊழியரும் இல்லாத இடத்தில் புழு திரும்பி வருகிறது என்ற அனுபவத்தோடு, 1926இல் களுத்துறையில் சுகாதார அலகைத் தொடங்கியது. ஆசியாவில் அத்தகைய முதல் அலகாக அதைச் சொல்வார்கள். முதலில் அலகு வந்தது, அலுவலரும் மருத்துவச்சியும் ஆய்வாளரும் வந்தார்கள். பயிற்சி மையமாக அது பிறகுதான் வளர்ந்தது. அந்த வாரியத்தின் தலைமையில் இருந்த ரோஸ் 1923லேயே அதைவிட்டுப் போய்விட்டதால், களுத்துறையை நேரடியாக அவர் வரைவின் வாரிசு என்று சொல்வதற்கு நாள்கணக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் ஏற்படுத்திய கவுண்டிப் பழக்கம் அவர் இல்லாமலே தொடர்ந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. 1915 வரைவில் தாளில் நின்றுபோன வலைப்பின்னலின் ஒரு முடிச்சு, பதவியை முதலில் கட்டிய ஓரிடத்தில் உயிர்பெற்றது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் பொதுச் சுகாதாரப் பள்ளி எது என்ற பழைய வழக்குக்கும் இங்கே ஒரு வார்த்தை. டுலேன் 1912ஐச் சொல்கிறது. ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து நடத்திய அலுவலர் பள்ளி 1913இல் தொடங்கியது. ஹாப்கின்ஸ் 1916இல் நிறுவப்பட்டு, இன்ஃப்ளூயன்சா பரவிய 1918 அக்டோபரில் வகுப்பைத் திறந்தது. நிறுவிய ஆண்டா, வகுப்பு நடந்த ஆண்டா, தனிப்பள்ளியான ஆண்டா என்பதைப் பொறுத்து விடை மாறும். இதை முடிவுகட்ட நான் முயலவில்லை. 1913இன் பள்ளி மருத்துவரல்லாதவர்களையும் சேர்த்தது என்பது மட்டும் குறிக்கத் தக்கது. ஆங்கிலச் சட்டம் அடைத்து வைத்த வாசல் அது. அதன் வழியே உள்ளே போன மாணவருக்கு எந்தப் பதவி என்ற கேள்வி அன்றே எழுந்தது.

இந்தியாவில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக நிற்கிறது. சென்னை மாகாணம் 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்ககத்தைத் தமிழ்நாடு இன்றுவரை கலைக்காமல் வைத்திருக்கிறது. அந்தத் துறையில் சேரும் மருத்துவர்கள் பணியில் சேர்ந்த பிறகே டி.பி.எச். என்னும் பொதுச் சுகாதாரப் பட்டயம் போன்ற தகுதியைப் பெறுகிறார்கள். பதவி முந்தி, படிப்பு பிந்தி. திருவனந்தபுரத்து அச்சுத மேனன் மையம் 1997இல் தொடங்கிய, பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டமான எம்.பி.எச். இதற்கு நேர் எதிர்த்திசையில் வந்தது: பட்டம் முதலில் வந்தது, அதைக் கேட்கும் பதவி அரசுத் துறையில் பின்னால் வர வேண்டியிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பல பல்கலைக்கழகங்கள் அதே வழியில் போயின. பல் மருத்துவரும் செவிலியரும் சமூகவியல் படித்தவரும் உழைத்துப் படித்து எம்.பி.எச். வாங்கி வெளியே வருகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களின் சுகாதாரத் துறைகளில் அவர்கள் பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் நிரந்தரப் பணியிடங்கள் அரிது. 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை மாநிலந்தோறும் பொதுச் சுகாதார மேலாண்மைப் பணித்தொகுதி வேண்டும் என்றது. 2022இல் அதற்கான வழிகாட்டு நெறிகளும் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில் இருக்கிறது. எந்த அளவு மக்கள்தொகைக்கு எந்தப் பட்டம் உள்ளவர் என்று 1888இன் உட்பிரிவு எழுதியதுபோல நியமன விதிகளில் எழுதும் மாநிலத்தில்தான் அந்த நெறிகள் எம்.பி.எச். மாணவருக்குப் பொருள்படும்.